பிளான் இல்லாத மாடல் விமானத்தை அளந்து கேட்-இல் ஏற்றுவது எப்படி?

கேள்வி, ஜனவரி 5

பழைய பால்சா மர விமான மாடல் ஒண்ணு கையில இருக்கு சார். மேல் இறக்கை, மின் மோட்டார். கிட் வர்றது நின்னு பல வருஷம் ஆச்சு, பிளான் எங்கேயும் கிடைக்கலை. இதை அளந்து கேட்-ல (CAD, கணினியில வரையற மென்பொருள்) ஏத்தி அதே மாதிரி இன்னொண்ணு வெட்டிக்கலாம்னு பார்க்கிறேன். வெர்னியர் இருக்கு, போன் கேமரா இருக்கு. ஒரு வார இறுதி போதும்னு நண்பர் சொல்றார். போதுமா?

ஜனவரி 6, இரவு

முடியும். எந்த வருஷத்து வார இறுதி என்று மட்டும் நண்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நானும் இப்போது இதே வேலையில்தான் இருக்கிறேன். கைமாறிக் கைமாறி என்னிடம் வந்த ஒரு மேல் இறக்கை மாடல். பிளான் இல்லை, பெட்டி இல்லை, பெயர்கூட மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஃபிலிமோடு உரிந்துபோய்விட்டது. இறக்கை முழு நீளம் சுமார் 1220 மி.மீ. நாண் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையிலான அகலம்) 200, தடிப்பு 24. அதாவது 12 சதவீதம். நாக்கா 2412 என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தெரியாதவர்களுக்கு: நாக்கா என்பது அந்தக் கால அமெரிக்க விமான ஆய்வு அமைப்பு, இறக்கைக் குறுக்குவெட்டு வடிவங்களுக்கு அது எண் கொடுத்தது. அந்த நான்கிலக்க எண்ணில் முதல் இலக்கம் வளைவு எத்தனை சதவீதம் என்பது, இரண்டாவது அந்த வளைவின் உச்சம் நாணில் எத்தனையாவது பத்தில் வருகிறது என்பது, கடைசி இரண்டும் தடிப்பு. 2412 என்றால் 2 சதவீத வளைவு, 40 சதவீத இடத்தில், 12 சதவீத தடிப்பு. அந்த வடிவத்தின் ஆயத்தொலைவுக் கோப்பை (புள்ளிகளின் பட்டியல்) இறக்கி, ஸ்ப்லைன் (புள்ளிகள் வழியே ஓடும் வளைகோடு) போட்டு, இழுத்துவிட்டேன். இறக்கை ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

நாளை உடற்பகுதி.

ஜனவரி 7

உடற்பகுதியைப் பக்கவாட்டில் படம் எடுத்து, அதை ஸ்கெட்ச்சுக்குப் பின்னால் ஒட்டி, மேலே கோடு இழுப்பதுதான் எல்லோரும் செய்வது. அதில் ஒரு பொறி இருக்கிறது. கேமரா ஒரு மீட்டர் தூரத்தில் இருந்தால், 40 மி.மீ. முன்னால் துருத்தி நிற்கும் கேபின் பக்கம், நடுக்கோட்டில் இருக்கும் வாலைவிட 4 சதவீதம் பெரிதாக விழும். 250 மி.மீ. கேபினில் அது 10 மி.மீ. வாலை வைத்து அளவுகோல் பொருத்தினால் கேபின் பொய், கேபினை வைத்துப் பொருத்தினால் வால் பொய்.

நான்கு மீட்டர் பின்னால் போய் ஜூம் செய்து எடுங்கள். பிழை 1 சதவீதத்துக்கு இறங்கிவிடும். போன் கேமராவின் அகலக்கோண லென்ஸை மறந்துவிடுங்கள், ஓரங்களை அது வளைத்துவிடும். படத்தை வடிவத்துக்கு நம்புங்கள், அளவுக்கு வெர்னியரை நம்புங்கள்.

ஜனவரி 9, விடியற்காலை

ஜனவரி 6-இல் எழுதியதில் பாதி தப்பு. அழிக்கவில்லை, இருக்கட்டும்.

ரிப்களுக்கு (இறக்கையின் விலா எலும்பு போன்ற பலகைகள்) இடையிலான தூரத்தை அளந்துகொண்டிருந்தேன். 76. அடுத்தது 76. அடுத்தது 76.5. சரி, 76 என்று வைத்துப் பதினாறு அறைகளையும் அடுக்கினால் 1216 வருகிறது. நேரில் அளந்தால் 1219. மூன்று மில்லிமீட்டர் எங்கே போனது? மரப்பலகை 1.6 தடிப்பு. ரிப் 2.4. யாராவது 2.4 மி.மீ. என்று யோசித்து ரிப் வரைவார்களா? அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வரைந்தவர் மில்லிமீட்டரில் யோசிக்கவே இல்லை. அங்குலம். 76.2 என்பது 3 அங்குலம். 1219.2 என்பது 48. பலகை பதினாறில் ஒரு பங்கு அங்குலம், அதாவது 1.5875. ரிப் முப்பத்திரண்டில் மூன்று பங்கு, அதாவது 2.38.

அப்படியானால் நாண்? அவசரத்தில் 203-ஐ ரவுண்டாக 200 என்று நானே எழுதிக்கொண்டேன். 203.2, எட்டு அங்குலம். தடிப்பையும் மறுபடி அளந்தேன், 23.8. வகுத்தால் 11.7 சதவீதம்.

ஜனவரி 9, சற்றுப் பின்

கிளார்க் ஒய் என்ற இறக்கை வடிவம். தடிப்பு 11.7 சதவீதம் என்பது அதன் கைநாட்டு மாதிரி. 1922-இல் வர்ஜினியஸ் கிளார்க் போட்டது. நாணின் 30 சதவீதத்துக்குப் பின்னால் அடிப்பக்கம் தட்டை. அதனால்தான் மேசைமேல் படுக்கவைத்து ஒட்டுபவர்களுக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம். ஸ்டீல் ஸ்கேலை இறக்கையின் அடியில் வைத்துப் பார்த்தேன், முன்பகுதி தவிர எங்கேயும் வெளிச்சம் தெரியவில்லை. 2412-இல் அடிப்பக்கம் லேசாகப் புடைத்திருக்கும். முதல் நாளே ஸ்கேலை வைத்திருந்தால் முப்பது வினாடி வேலை.

இரண்டு எண்களை நானே ரவுண்டாக்கி, ரவுண்டாக ஒரு விடை வந்ததும் நம்பிவிட்டேன்.

ஜனவரி 10

கோப்பை இறக்கியதும் இறக்கை நடுவே குறுக்காக ஒரு கோடு ஓடுகிறது என்று கேட்டவருக்கு: கோப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று பின்விளிம்பில் தொடங்கி மேல்பக்கமாக முன்விளிம்புக்கு வந்து, அடிப்பக்கமாகத் திரும்பும். இன்னொன்று மேல்பக்கம் முழுவதும், பிறகு மறுபடி முன்விளிம்பிலிருந்து அடிப்பக்கம். இரண்டாவது வகையை ஒரே ஸ்ப்லைனாக ஏற்றினால் பின்விளிம்பிலிருந்து முன்விளிம்புக்குத் தாவும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஸ்ப்லைன் போடுங்கள். முன்விளிம்பில் இரண்டும் செங்குத்தாகச் சந்திக்கட்டும்.

பின்விளிம்பு கத்திமுனை போல முடியும். அப்படியே விட்டால் மென்பொருளும் திணறும், பால்சாவும் நொறுங்கும். 1.5 மி.மீ. தடிப்பாக்கிவிடுங்கள்.

ஜனவரி 14

இறக்கை 27 மி.மீ. தடிப்பாக வந்துவிட்டது. மேலும் கீழும் 1.6 பலகை போர்த்தியிருக்கிறது என்பதை மறந்து, ரிப்பையே கிளார்க் ஒய் அளவுக்கு வரைந்து, அதன்மேல் பலகையும் போர்த்திவிட்டேன். போர்வையோடு சேர்த்துத்தான் கிளார்க் ஒய். ரிப் அதற்கு உள்ளே 1.6 சுருங்கி நிற்க வேண்டும்.

சரிபார்க்க, வேர்ப்பக்க (உடலோடு சேரும் பக்க) ரிப்பை ஸ்கேனரில் எடுத்தேன். இறக்கை இரண்டு பாதியாகக் கழலும், அதனால் அந்த ரிப் வெளியே தெரியும். கண்ணாடிமேல் 610 மி.மீ. இறக்கையைக் கொடிக்கம்பம் போல் நிறுத்தி, ஒரு கையால் பிடித்து, மறு கையால் பொத்தானை அழுத்தினேன். பார்த்தவர்கள் எதுவும் கேட்கவில்லை, பழகிவிட்டார்கள். 300 டிபிஐ-இல் ஒரு புள்ளி 0.085 மி.மீ., நம் வேலைக்குத் தாராளம். கூடவே ஒரு ஸ்டீல் ஸ்கேலை நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை வைத்து எடுங்கள். என் ஸ்கேனர் தலை நகரும் திசையில் 0.4 சதவீதம் நீட்டுகிறது.

ஜனவரி 18

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு, சுத்திச் சுத்திப் படம் எடுத்தா மென்பொருளே முப்பரிமாணமா ஆக்கித் தருமே?"

தரும். தந்தது. நாலு லட்சம் முக்கோணங்கள். அதைத் திடப்பொருளாக மாற்றச் சொன்னேன், கணினி விசிறி அலறியது, நான் குளிக்கப் போனேன், திரும்பி வந்தபோதும் அலறிக்கொண்டிருந்தது. மாறியிருந்தாலும் என்ன பயன்? அது வெறும் தோல். உள்ளே ரிப் எங்கே, ஸ்பார் (நீளவாக்கில் ஓடும் உத்திரம்) எங்கே, எதில் எது செருகியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தவிர, பளபளக்கும் ஒரே நிற ஃபிலிமில் அந்த மென்பொருள் பிடித்துக்கொள்ளப் புள்ளியே கிடையாது. என் வலது இறக்கை நிலாப் பரப்பு மாதிரி குண்டும் குழியுமாக வந்தது. காகித டேப் துண்டுகளைத் தாறுமாறாக ஒட்டிய பிறகுதான் உருப்பட்டது.

ஆனால் தூக்கிப் போடவில்லை. அந்தத் தோலைப் பின்னணியில் வைத்துக்கொண்டு, நான் வரைந்த மாடல் அதிலிருந்து எங்கே விலகுகிறது என்று பார்க்கிறேன். சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஜனவரி 19

ஈயடிச்சான் காப்பி என்று கிண்டல் செய்த நண்பருக்கு, அந்த வித்தையின் பிதாமகர்கள் வேறு ஆட்கள். 1944-இல் மூன்று அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் சோவியத் மண்ணில் இறங்கின. திருப்பித் தரவில்லை. ஒன்றைத் திருகாணி திருகாணியாகப் பிரித்தார்கள், ஒன்றை ஓட்டிப் பார்த்தார்கள், ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே வைத்தார்கள். 1947 மே மாதம் அதன் நகலான துப்பலெவின் டியூ-4 பறந்தது. ஆகஸ்ட் 3 அன்று மாஸ்கோவின் துஷினோ விமானக் காட்சியில் முதலில் மூன்று விமானங்கள் வந்தன. ஓ, அந்த மூன்றுதான் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். நான்காவது வந்தது.

அவர்களுக்கும் என் தலைவலிதான். அலுமினியத் தகடு அங்குலக் கணக்கு, 1.5875 மி.மீ. அவர்கள் ஆலைகள் மில்லிமீட்டர் கணக்கு. மேலே ரவுண்டாக்கினால் எடை கூடும், கீழே ரவுண்டாக்கினால் வலு குறையும். ஒவ்வொரு பாகத்துக்கும் உட்கார்ந்து தனித்தனியாக முடிவெடுத்தார்கள். எஞ்சினையும் காப்பியடிக்கவில்லை, தங்களுடையதைப் போட்டுக்கொண்டார்கள். ஒட்டுப்போட்ட இடத்தைக்கூட விடாமல் காப்பியடித்தார்கள் என்று ஒரு கதை சுற்றும். கதை என்றே வைத்துக்கொள்வோம், நல்ல கதை.

பிப்ரவரி 2

இறக்கை முறுக்கு. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

இடது பாதியைத் தடிமனான கண்ணாடிமேல் வைத்தால், நுனியில் பின்விளிம்பு 7 மி.மீ. தூக்கி நிற்கிறது. 203-க்கு 7 என்றால் கிட்டத்தட்ட 2 டிகிரி. வாஷ்-அவுட்! நுனி முன்கூட்டியே ஸ்டால் ஆகாமலிருக்க (தூக்குவிசையை இழக்காமலிருக்க) வேண்டுமென்றே கொடுக்கும் முறுக்கு. ஆள் விவரமானவர்தான் என்று மெச்சிக்கொண்டு, இடதில் 2 டிகிரி கொடுத்து, மிரர் கட்டளையால் வலதையும் உண்டாக்கிவிட்டேன். பிறகு சும்மா வலதையும் கண்ணாடிமேல் வைத்தேன். 3 மி.மீ.

இப்போது எது அவர் வரைந்தது? ஏழா, மூன்றா, இரண்டும் சேர்த்து ஐந்தா?

பிப்ரவரி 3

மேலே ஒருவர் சுட்டிக்காட்டியது சரி. வேரிலிருந்து நுனி வரை ஒரே நாண் உள்ள செவ்வக இறக்கை எப்படியும் வேரில்தான் முதலில் ஸ்டால் ஆகும். அதற்கு வாஷ்-அவுட் அவ்வளவாகத் தேவையில்லை. ஒருவேளை அவர் கொடுக்கவே இல்லையோ?

சோதித்துப் பார்க்க ஒரே வழி. பிளேடை எடுத்து இடது நுனியின் மேல்பக்க ஃபிலிமை ரிப் ஓரமாகக் கீறினேன். முதல் அறை, ஒன்றும் இல்லை. இரண்டாவது அறையின் மூலைக்கு வந்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம், கையில் பிடித்திருந்த பின்விளிம்பு தானாகக் கீழே இறங்கியது. கண்ணாடிமேல் வைத்தேன். 2 மி.மீ. அவ்வளவு வருஷமாக அந்த ஃபிலிம் ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இஸ்திரிப் பெட்டியை ஒருவர் ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகத் தேய்த்திருக்கிறார், அதைத்தான் நான் ஏரோடைனமிக்ஸ் என்று மெச்சினேன்.

மீதி 2, 3 மி.மீ. அவர் வரைந்தது அல்ல என்று வைத்துக்கொண்டேன். முறுக்கு பூஜ்யம். இரண்டு பாதியும் ஒன்றே. மிரர் போட்டது சரி, போட்ட சரக்குதான் தப்பு.

பிப்ரவரி 11

சுருக்கமாக: காகிதத்தில் அச்செடுத்து மேலே வைத்துப் பார்க்கும்போது, 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வை எடுத்துவிடுங்கள். 97 சதவீதத்துக்குச் சுருக்கிவிட்டது, நான் ஒரு மாலை முழுதும் பழைய விமானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்று போட்டு வையுங்கள், அச்சான பிறகு முதலில் அதை அளங்கள்.

பலகையை வெட்டும் லேசர், வரைந்த கோட்டின் நடுவில் ஓடும், இருபக்கமும் எரிக்கும். என் இயந்திரத்தில் மொத்தம் 0.15. 2.4-க்கு வரைந்த பள்ளம் 2.55 ஆகி ரிப் ஆடியது. பலகைத் தடிப்பையும் லேசர் எரிப்பையும் மாறிகளாக எழுதி, எல்லாப் பள்ளமும் அதைப் பார்த்து மாறும்படி வைத்தேன். மில்லிமீட்டர் பலகைக்கு மாறினாலும் ஒரே எண்ணைத் திருத்தினால் போதும். இந்த முழுக் கதையிலும் கேட் சம்பளத்துக்கு வேலை செய்த இடம் இதுதான்.

மார்ச் 1

மூக்கு முடிந்தது. மோட்டார் மாட்டும் பலகை பழையதில் கோணலாக இருந்தது, வலப்பக்கம் ஒரு 2 டிகிரி, கீழே ஒரு 3. சுற்றிலும் எபாக்ஸி கட்டிகட்டியாக வழிந்திருக்கிறது. மோதி உடைந்து யாரோ அவசரமாக ஒட்டியது. பிப்ரவரியில் கற்ற பாடம் இருக்கிறதே, கோணலைக் காப்பியடிக்கவில்லை. நிமிர்த்திவிட்டேன். இடது பக்கப் பலகையை ஸ்கேன் செய்து, வலதுக்கு மிரர்.

மார்ச் 23

பறந்தது. பிறகு பறக்கவில்லை.

முழு விசை கொடுத்து ஏற்றினால் மூக்கை வானத்துக்குத் தூக்குகிறது, கூடவே இடப்பக்கம் இழுக்கிறது. விசையைக் குறைத்தால் பசு மாதிரி சாதுவாகப் போகிறது. மூன்றாவது தடவை திருத்தக் கை கொஞ்சம் தாமதம். இறக்கை தப்பியது, மூக்கு இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது.

மார்ச் 24

நேற்றிரவு தூங்கவில்லை. விசை கொடுத்தால் மட்டும் இடது என்றால் வேறென்ன. பின்னாலிருந்து பார்த்தால் புரொப்பல்லர் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. எதிர்விசை உடலை இடப்பக்கம் உருட்டும், சுழன்று வரும் காற்று செங்குத்து வாலின் இடப்பக்கத்தில் அடித்து மூக்கை இடப்பக்கம் தள்ளும், மூக்கு தூக்கிய நிலையில் புரொப்பல்லரின் கீழிறங்கும் இறகு அதிகமாக இழுப்பது அதோடு சேரும். அதற்குத்தான் மோட்டாரை வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் சாய்த்து வைப்பது. ஆரம்பப் பாடம். நான் அதைக் கோணல் என்று நிமிர்த்தியிருக்கிறேன்.

பழையதன் இரண்டு பக்கப் பலகைகளையும் இன்று அளந்தேன். இடது, வலதைவிட 2 மி.மீ. நீளம். மூக்கு அகலம் 60. 60-க்கு 2 என்றால் 2 டிகிரி. இரண்டு பலகையின் விளிம்பும் சுத்தமாக வெட்டியது, ஒட்டோ உடைசலோ இல்லை. எபாக்ஸி பிற்பாடு வந்த பழுதுக்கு, கோணம் பிறப்பிலேயே இருந்தது. நான் மிரர் போட்ட கணத்தில் அந்த 2 மி.மீ. மாயமானது, மென்பொருள் மூச்சுவிடவில்லை.

3 டிகிரி கதை இன்னும் கேவலம். அதை நான் நிமிர்த்தக்கூட இல்லை. கோப்பின் பழைய பதிப்பைத் திறந்து பார்த்தால், ஸ்கேனுக்கு மேல் 87 டிகிரியில் நான் இழுத்த கோட்டை மென்பொருளே 'செங்குத்துதானே சொல்ல வர்றே' என்று பிடித்து நிமிர்த்தி, பக்கத்தில் ஒரு குட்டிக் குறியும் போட்டிருக்கிறது. மார்ச் 1-இல் நிமிர்த்தினேன் என்று பெருமையாக எழுதியதில் பாதிதான் என் கைங்கரியம்.

மார்ச் 24, இரவு

மோட்டார் பலகையின் நாலு திருகையும் கழற்றினேன். பின்பக்கத்தில், மங்கிய பென்சிலில், வலப்பக்கம் ஓர் அம்புக்குறி, 2. கீழ்ப்பக்கம் ஓர் அம்புக்குறி, 3.

நாலு திருகு.

ஏப்ரல் 5

எடை பற்றிக் கேட்டிருந்தீர்கள். பால்சாவின் அடர்த்தி கன மீட்டருக்கு 160 கிலோ என்று கொடுத்தால் இறக்கை 118 கிராம் என்றது கேட். தராசு 163 என்றது. ஃபிலிம், பசை, சர்வோ வயர் எதையும் நான் வரையவில்லை, பாவம் அது என்ன செய்யும். பால்சாவும் பலகைக்குப் பலகை மாறும், ஒரே அடுக்கில் வாங்கிய இரண்டில் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு கனத்ததைப் பார்த்திருக்கிறேன். எடைமையத்தைக் கேட்-இல் தேடாதீர்கள். பழையதை இரண்டு விரலில் நிறுத்திப் பாருங்கள். என்னுடையது முன்விளிம்பிலிருந்து 60 மி.மீ., நாணில் 29 சதவீதத்துக்குச் சற்று மேல். புதியதை 55-இல் வைத்துப் பறக்கவிடுகிறேன், முதல் சில தடவை மூக்கு கனமாக இருப்பது நல்லது.

ஏப்ரல் 20

புது மூக்கு. இடது பலகை தனி ஸ்கெட்ச், வலது தனி ஸ்கெட்ச். முழு விசையில் நேராக ஏறுகிறது, கடைசியில் ஒரு துளி வலப்பக்கம் போகிறது. ஒன்றரை டிகிரி போதுமோ என்று தோன்றுகிறது. பழையதில் செங்குத்து வாலே நேராக இருந்ததா என்று அளக்க மறந்துவிட்டேன், நாளை பார்க்கிறேன்.

கோப்பு கேட்டவர்களுக்கு: சொந்தமாக வெட்டிக்கொள்ளத் தருகிறேன், வெட்டி விற்க அல்ல. வரைந்தவர் யாரென்று தெரியாவிட்டாலும் வரைந்தது அவர்தான். பதிப்பு 14-ஐ எடுங்கள். 11-ஐ எடுத்துவிடாதீர்கள், அது மரத்தில் மோதியது.

கேள்வி கேட்ட நண்பரே, உங்களுடையது என்ன ஆச்சு? திருகைக் கழற்றிப் பார்த்தீர்களா?